கூடித் தின்ன ஆள் கிடைத்த கதை

ஈரோடு,
ஞாயிறு மத்தியானம்

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. போனில் தினமும் 'சாப்டியா', 'மழையா' என்று தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறோமே, அதையெல்லாம் கூட்டினாலும் இந்தக் கடிதத்தின் ஒரு பக்கத்துக்கு ஆகாது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டேன் என்று அதே பக்கத்தில் எழுதுகிற தைரியம் உனக்குத்தான் வரும். பேத்தி உன்னை மராத்தியில் திட்டுகிறாள் என்பதைப் படித்துக் காட்டினேன், இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இங்கே சேதி அதிகமில்லை. சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவன் போனில் சிக்னல் போய்விடுகிறது. கொடுமுடித் தோட்டத்தில் அண்ணன் இந்த வருடம் மஞ்சளை விட்டுவிட்டு மரவள்ளிக் கிழங்கு போட்டிருக்கிறான், கூலி கொடுத்துக் கட்டுபடி ஆகவில்லையாம். வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை, ஈரோட்டு வெயில் உனக்குத் தெரியாததா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அனுப்பிய படத்தில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிற அந்தக் கும்பல் யார், சொந்தக்காரர்களும் இல்லை, தபால் ஆபீஸ் ஆட்களும் இல்லை, வயசும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, எங்கே போய்ப் பிடித்தாய் என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழேயே, புனேயில் நாலு வார்த்தை பேச ஆளில்லை, இந்த வயசில் புதிதாக யார் சிநேகம் பிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு வரி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில், நீளமாகத்தான் இருக்கும்.

அது தின்பதற்காகக் கூடுகிற கூட்டம். அவ்வளவுதான். சீட்டுப் பிடிப்பது இல்லை, பஜனை இல்லை, யாருக்கும் யாரும் பெண் பார்ப்பதும் இல்லை.

ரிட்டயர் ஆன புதிதில் நானும் எல்லோரையும் போல வ.உ.சி. பூங்காவில் காலையில் நடக்கிற பெண்களோடு சேர்ந்து நடந்து பார்த்தேன். நல்லவர்கள்தான். ஆனால் பேச்சு சுகரில் ஆரம்பித்து பிரஷரில் முடியும், நடுவில் மருமகள். நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால், 'என்னத்தையோ வெச்சேன் போங்க' என்பார்கள். எனக்கு அந்த 'என்னத்தையோ' தாங்காது. புளி கரைத்ததா, தேங்காய் அரைத்ததா, தட்டைப்பயறு போட்டதா, வெந்தயம் தாளித்தாயா இல்லையா, இதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீ கோபியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதையெல்லாம் பேச ஆளிருந்தது. உன் டப்பாவில் இருந்த கொள்ளுத் துவையலில் பூண்டு வறுத்துப் போட்டதா பச்சையாகப் போட்டதா என்று ஒரு முழு பீரியட் நாம் சண்டை போட்டிருக்கிறோம். வீட்டில் இவரோடு அது நடக்காது. மூன்று வேளையும் தயிர்ச் சோறும் நார்த்தங்காயும் என்று சட்டம் போட்டால் முதலில் கை தட்டுகிற மனுஷன்.

தொடங்கியது சம்பத் நகர் உழவர் சந்தையில். மழை விட்ட ஒரு காலையில் ஒரு அம்மா சாக்கு விரித்துப் பண்ணைக்கீரை வைத்திருந்தார். நினைவிருக்கிறதா, மழைக்குப் பிறகு காட்டில் தானாக முளைக்குமே, யாரும் விதைக்காதது, நுனியில் ஊதாப் பூ விடுமே, அதுதான். ரெண்டு கட்டு எடுத்துக்கொண்டு பைக்குள் வைக்கிறேன், பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அதுல பருப்பப் போட்டுக் கெடுத்துராதீங்கம்மிணி. வரமொளகா, சின்ன வெங்காயம், பூண்டு, அவ்வளவுதான், மத்துல கடைஞ்சு எடுங்க" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் முள்ளுக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் நிமிர்ந்து, "பருப்பு போடாம அது என்னங்க கடைசல்? கழனித் தண்ணியாட்ட இருக்கும்" என்றார். நான் பெரியவர் பக்கம். மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்று பேசியதில் கீரைக்கார அம்மா, வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி யாவாரத்துக்கு வழி விடுங்க என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே மிச்சச் சண்டையைப் போட்டோம். அந்த அக்கா மறுவாரம் தூக்குப் போசியில் பருப்புப் போட்ட கடைசலைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் கையில் ஊற்றி நக்கச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் பெரியவர் பக்கம்தான்.

பெரியவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரூட் எல்லாம் அவருக்குச் சாப்பாட்டால்தான் நினைவிருக்கிறது. கரூர் என்றால் சாயங்காலம் வண்டியை விட்டிறங்கியதும் பொரியில் ரெண்டு மூணு சட்னியும் பீட்ரூட் துருவலும் போட்டுக் கலக்கித் தருகிற 'கரம்' என்கிற தீனி. பவானிசாகர் என்றால் அணைக்குக் கீழே சுடச்சுடப் பொரித்துத் தருகிற மீன். மூலனூர், வெள்ளகோவில் பக்கம் என்றால் சீசனில் முருங்கைக்காய், ஒரு கட்டு கண்டக்டருக்குச் சும்மாவே வந்துவிடுமாம். இப்போதும் நாங்கள் எங்காவது போனால் ஆளுக்கு இவ்வளவு என்று அவர்தான் வசூல் பண்ணுவார்; நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொண்டு, சில்லறையைப் பார்க்காமலே எண்ணிக் கொடுப்பார், அந்தக் கை இன்னும் மாறவில்லை.

கத்தரிக்காய் அக்கா சத்துணவில் சமையல் செய்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

படத்தில் ஓரத்தில் சுடிதாரில் இருக்கிறாளே, அவள் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பெண், தினமும் ரயிலில் போய் வருகிறாள், கண்டக்டர் அண்ணனின் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். சொந்த ஊர் கோயம்புத்தூர். தள்ளுவண்டிக் காளானை எங்களுக்குக் காட்டியது அவள்தான். பெயர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். மாவில் பொரித்ததைக் கொத்திச் சிவப்புக் குழம்பில் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் போட்டுச் சின்னத் தட்டில் தருகிறார்கள். முதல் வாயில் எனக்கு இது என்னடா கூத்து என்று இருந்தது. தட்டைக் காலி பண்ணிவிட்டு இன்னொன்று சொல்லுங்கள் என்றேன்.

இன்னொருவர் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், நம் ஊருக்கு ஆற்றைத் தாண்டினால் அக்கரை. பள்ளிபாளையம் சிக்கன் என்று இன்று சென்னை ஓட்டல் வரைக்கும் அட்டையில் போட்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா எல்லாம் கொட்டி வைக்கிறார்கள். இவர் செய்வதைப் பார்க்க வேண்டும். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறி எடுத்துவிடுகிறார், அதுதான் பாதி வேலை, பொறுமையாக உட்கார்ந்து உதற வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் மிளகாய்த் தோல், அது நிறம் மாறுவதற்குள் ஒரு குவியல் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அப்புறம் சின்னதாக வெட்டிய கோழி, மஞ்சள், உப்பு. பொடி என்று ஒன்றுமே கிடையாது. கோழியில் விடுகிற தண்ணீரிலேயே வெந்து சுண்டி வரும்போது பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். விதை போன மிளகாய் என்பதால் பார்க்கத்தான் சிவப்பு, காரம் நாக்கைச் சுடாது, வாய்க்குள் மெதுவாக வரும். தேங்காய்ப் பல் எண்ணெயில் ஓரம் சிவந்து கடிபடுகிறதே, அதற்காகவே நான் கோழியை ஒதுக்கிவிட்டுத் தேங்காயைத் தேடுவேன். அதைப் பார்த்த அன்றுதான் அவர், "நீங்க நம்ம ஆளுங்க்கா" என்றார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். நன்றாகச் சமைக்கிறவர்களைத் தேடாதே, அவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், பாதிப் பேர் தன் கைப் பக்குவத்தைப் புகழ ஆள் தேடுகிறவர்கள். இலையில் எதைத் தேடித் தின்கிறார்கள் என்று பார். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிக் கேட்கிறவள், ரசத்தில் மண்டியை எனக்கு ஊற்று என்கிறவள், அடுத்தவர் இலையில் இருப்பது என்ன என்று எட்டிப் பார்க்கிறவள், அவளை விடாதே. எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் வந்து நின்று பார்த்தார், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். எது வந்தாலும் முதலில் படம், ஆறிய பிறகு ஒரு வாய், உடனே மதுரையில் இதைவிட நன்றாக இருக்கும், தஞ்சாவூரில் இதைவிட நன்றாக இருக்கும். மதுரையிலேயே இருந்திருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை, அவரே வருவதை நிறுத்திக்கொண்டார்.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலைக்குப் போனதை எழுதாவிட்டால் கண்டக்டர் அண்ணன் கோபித்துக்கொள்வார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்த ஊர் நாட்டுச் சர்க்கரைதான் போகிறது என்று நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், ஆனால் அது ஆவதை நான் பார்த்ததில்லை. கரும்புச் சக்கையையே எரித்துப் பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுகிறார்கள், அழுக்கு நுரையாக மேலே வர வர வழித்து எறிந்துகொண்டே இருக்கிறார் ஒருவர். பதம் வந்ததும் பாகை அகலத் தொட்டியில் இறக்கி ஆறவிட்டு, மரக்கட்டையால் தேய்க்கிறார்கள்; தேய்க்கத் தேய்க்கக் கண் முன்னால் பாகு பூத்து உதிர்ந்து சர்க்கரையாகிறது. அந்த இடத்தில் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிட்டது. வெளுப்பாக இருந்தால்தான் கடைக்காரன் எடுக்கிறான் என்று சிலர் மருந்து போட்டு வெளுக்க வைக்கிறார்களாம். கொஞ்சம் கறுத்து, கரும்பு வாசம் அடிப்பதைப் பார்த்து வாங்குங்கள் என்று அங்கே வேலை செய்கிறவரே சொன்னார். சூடான பாகைத் தேங்காய்ச் சில்லில் தொட்டுக் கொடுத்தார். சுகர் மாத்திரை போடுகிறவர்களும் வாங்கித் தின்றார்கள், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நம் பக்கத்தில் யார் வீட்டில் யார் கை நனைப்பது என்பதற்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு, நீயும் நானும் அந்தக் கணக்குக்குள் வளர்ந்தவர்கள்தான். எங்கள் அம்மாயி தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா வீடு காலனியில். எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வருவார், என் அடுப்படியில் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே தாளிப்பார். ஆனால் அவர் வீட்டு முறை வரும்போதெல்லாம், 'எங்கூட்ல இடம் பத்தாதுங்க' என்று தள்ளிக்கொண்டே போனார். இடம் காரணமில்லை என்று எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் வற்புறுத்தவும் கூச்சப்பட்டோம். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், சாதியைச் சொல்லிச் சத்துணவுச் சமையல்காரர் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சிலர் தகராறு செய்து பேப்பரில் எல்லாம் வந்ததே, அந்தப் பேச்சு ஒரு நாள் வந்தது. "அது பேப்பர்ல வந்துச்சு. வராதது எவ்வளவோ இருக்குதுங்க" என்றார் அக்கா, அதோடு சரி.

திருப்பூர்ப் பெண்ணுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீடு, சந்தகை" என்று போட்டு உடைத்துவிட்டாள். அக்கா எங்களை ஒருத்தர் ஒருத்தராகப் பார்த்து, "எல்லாரும் கை நனைப்பீங்களா?" என்றார். கண்டக்டர் அண்ணன், "நனைக்காம சந்தகைய எப்படிங்க திங்கறது?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் எத்தனை தடவை பில் கட்டினாலும் தகும்.

சந்தகை ஒற்றை ஆள் வேலை இல்லை, உனக்குத் தெரியும். புழுங்கலரிசி மாவை இட்லியாக ஊற்றி எடுத்து, ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்த வேண்டும், ஆறிப்போனால் இறங்காது. அக்கா இட்லியை எடுத்துப் போடப் போட, கண்டக்டர் அண்ணன் தம் பிடித்து அழுத்த, நான் கீழே வட்டல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, தறிக்காரர் அடுத்த ஈடு வெந்துவிட்டதா என்று பார்க்க, அந்தச் சின்ன வாசலில் ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். ஒரு ஈடு தேங்காய்ப் பாலும் சர்க்கரையும், ஒரு ஈடு வறுத்து இடித்த எள்ளுப் பொடி, மிச்சம் நாட்டுக்கோழிக் குழம்போடு. அக்காவின் குழம்பில் மசாலாச் செலவுச் சாமான் எல்லாம் அம்மியில் அரைத்தது, மிளகு தூக்கலாக இருந்தது. நாங்கள் ஆளாளுக்குப் புகழ்ந்தபோது அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசம் பள்ளிக்கூடத்துல ஆக்கிப் போட்டேன். எந்தப் புள்ளையும் நல்லாருக்குன்னு சொன்னதில்லைங்க, வட்டல வழிச்சு நக்கிட்டு ஓடிரும். நீங்க பேசாமத் தின்னுங்க."

என் நாத்தனார் காதுக்கு விஷயம் போய், இந்த ஆடி நோம்பிக்கு என்னைக் கூப்பிடவில்லை. இவருக்குத்தான் கொஞ்சம் சங்கடம், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் அக்கா கொடுத்தனுப்பிய எள்ளுப் பொடியைத் தயிர்ச் சோற்றில் தூவித் தின்ன ஆரம்பித்துவிட்டார். ருசி கண்டாரா, சமாதானம் ஆனாரா தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

இனி உன் கதை. பேச ஆளில்லை என்று எழுதிய அதே கடிதத்தில், பக்கத்து வீட்டுச் சாங்லிக்கார அம்மா ஹோலிக்குப் பூரண் போளி கொடுத்தார், நம்ம ஒப்புட்டு மாதிரியே நன்றாக இருந்தது, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஏண்டி, நீயா இது? வெறும் பாத்திரத்தையா திருப்பிக் கொடுத்தாய்? கடலைப்பருப்பை எவ்வளவு வேகவிட்டார், வெல்லமா சர்க்கரையா, ஜாதிக்காய் உரசிப் போட்டாரா, ஒன்றுகூடக் கேட்கவில்லையா? பருப்பு வெந்த தண்ணீரை அவர்கள் கொட்ட மாட்டார்கள், அதில் மசாலா போட்டுக் கட்டாச்சி ஆம்டி என்று ஒன்று வைப்பார்கள். உங்கள் அம்மா ஒப்புட்டுச் சுடுகிற நாளில் அந்தத் தண்ணீரில் ரசம் வைப்பாரே, போளியை விட அதற்குத்தானே நீ அடித்துக்கொள்வாய். அந்த அம்மாவிடம் போய் ஆம்டி எங்கே என்று உரிமையாகக் கேள்.

அதுவும் யார், சாங்லிக்காரி! அதுவும் மஞ்சள் ஊர். அவர்கள் மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2018இல் கிடைத்தது, நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல்தான். முந்திக்கொண்டார்கள் என்று ஒரு சண்டைக்கு இதுவே போதும். கொள்ளு மாவில் அங்கே பிட்லா கிண்டுவார்கள், அவர்கள் கொள்ளுக்குக் குளித் என்று பெயர். நீ கொள்ளுப் பருப்பைக் கடைந்து, நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடு. பாஷை தெரியாது என்று சாக்குச் சொல்லாதே, பேத்தியைக் கூட்டிக்கொண்டு போ, உன்னைத் திட்டுகிற நேரத்தில் கொஞ்சம் மொழிபெயர்க்கட்டும். அந்த அம்மா முதல் வாய் தின்றுவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று எனக்கு எழுது. மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றால் விட்டுவிடு. இதில் என்ன போட்டாய் என்று கேட்டாலோ, எங்கள் ஊரில் இப்படிச் செய்ய மாட்டோம் என்று முகத்தைச் சுளித்தாலோ, ஆள் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இந்த வாரம் உனக்கு ஒரு பார்சல் போடுகிறேன். கொள்ளு, கவுந்தப்பாடிச் சர்க்கரை, அக்காவின் எள்ளுப் பொடி, அந்த அம்மாவுக்கு மறக்காமல் ஒரு கிலோ நம் ஊர் மஞ்சள். அரிசிம்பருப்புச் சாதத்துக்குப் புழுங்கலரிசி அங்கே நல்லதாகக் கிடைக்கிறதா, இல்லை அதையும் வைக்கட்டுமா? உன்னிடம் பருப்புக் கடைகிற மத்து இருக்கிறதா, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறாயா, அதையும் சொல். வியாழக்கிழமைக்குள் சொன்னால் கடைவீதியில் வாங்கிச் சேர்த்துக் கட்டிவிடுவேன்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி